அறுபத்து நான்கு அலைகளின் சராசரி

மழையை ஒப்புக்கொள்ளாத மனிதர் என்று நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருட ஐப்பசியில் கூரை ஒழுகி, அவருடைய மேஜைக்கு நேர் மேலே சொட்ட ஆரம்பித்தது. "சார், உங்க மேல சொட்டுது" என்றேன். நாற்காலியை ஓரடி நகர்த்திக்கொண்டு, "வருஷத்துல எத்தனை நாள்ப்பா மழை? சராசரியா பார்த்தா இந்த ரூம் காய்ஞ்சுதான் இருக்கு" என்றார். சட்டையின் தோள் நனைந்து ஒட்டியிருந்தது. சிரிக்க வைப்பதற்காகச் சொன்னார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூரையை யாரும் சரிசெய்யவும் இல்லை.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே எல்லோரும் சார் என்றோம், இங்கேயும் சார் என்றே இருக்கட்டும்.

பல் டாக்டர்கள் நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்கும் நாற்காலி இருக்கிறதே, அதை ஏற்றி இறக்குகிற மின்சுற்று அட்டைதான் எங்கள் சரக்கு. கார்டு என்போம். அதற்கு வரைபடம் போட்டவர் சார். வரைபடத்தைப் பார்த்துப் பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டுபவர், அதாவது சால்டர் வைப்பவர், அமுதா அக்கா. செய்து முடித்ததைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னை எடுத்திருந்தார்கள். எங்கள் மூவருக்கும் மேலே முதலாளி. சனிக்கிழமை மட்டும் வருவார்.

மாடியில் விலை உயர்ந்த பொருள் என்று ஒன்றே ஒன்று உண்டு, டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பு கோடாக ஓடுமே ஒரு பெட்டி, அதைப் போல மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும். காலையில் வந்ததும் சார் அதன் மேல் போர்த்திய துண்டை எடுப்பார், நாலாக மடிப்பார், மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் திரையைத் துடைப்பார். அதுவரை எனக்கு அவர் மேல் மரியாதைதான். அடுத்து அவர் விரல் நேராக ஒரு பொத்தானுக்குப் போகும். என் மரியாதை அந்தப் பொத்தானோடு நின்றுபோயிற்று.

அது சராசரிப் பொத்தான். அதை அமுக்கினால், அடுத்தடுத்து வரும் அறுபத்து நான்கு அலைகளைக் கூட்டி, வகுத்து, ஒரே அலையாகக் காட்டும். அலையோடு கலந்து வரும் மெல்லிய நடுக்கத்தைக் களைவதற்காக வைத்த வசதி. அதற்கு மட்டும் பயன்படுத்தினால் நல்ல வசதி. ஆனால் அறுபத்து மூன்று முறை ஒழுங்காக நடந்து, ஒரே ஒரு முறை மின்சாரம் தடுக்கி விழுந்தது என்று வையுங்கள். அந்த வீழ்ச்சி அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, திரையில் ஓடும் கோட்டின் தடிமனுக்குள் ஒளிந்துகொள்ளும். நடந்தது நடக்காததாகிவிடும். சாருக்கு வேண்டியது அதுதான். கார்டைப் பொருத்து, பொத்தானை அமுக்கு, அலை இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வந்து நிற்கும். அதை பிரிண்டரில் எடுத்து, பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை போட்டோ அனுப்புவதைப் போல ஒவ்வொரு கார்டோடும் வைத்து அனுப்புவார்.

பொத்தானை அமுக்கும் முன்பு திரையில் ஏதாவது முள் போலத் தலைகாட்டினால் ஒரே வார்த்தைதான். "நாய்ஸ்ப்பா." இரைச்சல். கவனிக்க வேண்டாதது. அவருக்குப் பிடிக்காத எல்லாமே நாய்ஸ். மந்தைவெளியில் பஸ் முக்கால் மணி நேரம் வராவிட்டால் நாய்ஸ். சாம்பாரில் கல் கடித்தால் நாய்ஸ். எதிர் வீட்டில் திருடன் புகுந்துவிட்டுப் போன அன்றுகூட, "இந்தத் தெருவுல முப்பது வருஷமா திருட்டே கிடையாது" என்று, திருட்டுக் கொடுத்தவரிடமே சொன்னார்.

"சாரு வூட்டம்மா இன்னா சொன்னாலும் நாய்ஸுன்னுவாரோ இன்னாவோ" என்று அமுதா அக்கா ஒருநாள் சால்டர் புகையை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"கேட்டுப் பாருங்க."

"எனக்கு வேலை வேணும் நைனா."

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வேலை எனக்குக் கிடைத்ததே அவருடைய அதே வியாதியால்தான். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடத்தியது எதுவும் தலைக்குள் இறங்கவில்லை. நாலு பாடத்தில் தோற்றேன். பிறகு எழுதித் தேறினேன் என்றாலும், மதிப்பெண் பட்டியலில் அது கறையாக நின்றது. ஏழு கம்பெனிகளில் அந்தத் தாளைப் பார்த்ததும் முகம் மாறியது. சார் பார்த்தார், அதன் மேல் விரலை வைத்தார், "இது நாய்ஸ்" என்றார், அடுத்த தாளைத் திருப்பினார். "அப்பா என்ன பண்றார்?" "மார்க்கெட்ல மூட்டை தூக்கறார் சார்." "திங்கக்கிழமை வந்துடு." அன்று மந்தைவெளிக்கு நடந்து திரும்பும்போது, இவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த இடத்தில் என் இளக்காரம் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. ஆனாலும் நான் பாடத்தில் தோற்றவன். அது நடந்த விஷயம். அவர் என்னை மன்னிக்கவில்லை, பார்க்காமல் விட்டார். அந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

புரிய வைத்தவர் தியாகராய நகரில் ஒரு பல் டாக்டரம்மா. எங்கள் கார்டு பொருத்திய நாற்காலி, நோயாளி படுத்திருக்கும்போதே தானாக நிமிர்ந்து உட்காருகிறது என்று புகார் வந்து, சாரும் நானும் போனோம்.

"பேஷண்ட் வாயில டிரில் ஓடிட்டிருக்கு" என்றார் டாக்டர். "நான் எந்த பட்டனையும் தொடலை. சேர் தானா எழுந்துக்குது."

"எத்தனை தடவை இப்படி ஆச்சு டாக்டர்?" என்றார் சார்.

"ஒரு தடவை."

"இந்த சேர்ல மொத்தம் எத்தனை பேரைப் பார்த்திருப்பீங்க?"

"ஆயிரம் பேர் இருக்கும். ஏன்?"

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பார்த்தியா?" என்றார்.

"அந்த ஒரு பேஷண்டுக்கு உதட்டுல மூணு தையல் போட்டிருக்கேன்" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் சார் சொன்னார்: "கோபக்கார அம்மா."

அதற்குப் பிறகு அடையாறிலிருந்து ஒன்று, மயிலாப்பூரிலிருந்து இரண்டு என்று கார்டுகள் திரும்பி வந்தன. சார் ஒவ்வொன்றையும் ஸ்கோப்பில் மாட்டினார், பொத்தானை அமுக்கினார். அலை பளிச்சென்று நின்றது. வரைபடம் சுத்தம், அலையும் சுத்தம், அப்படியென்றால் குற்றம் எங்கே? சால்டர் வைத்த கையில். "டிரை சால்டர்" என்று முதலாளிக்கு எழுதிக் கொடுத்தார். ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். முதலாளி அந்தச் சனிக்கிழமை அமுதா அக்காவைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கார்டு திரும்பி வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அக்கா தன் இடத்துக்கு வந்து, திரும்பி வந்திருந்த கார்டுகளைக் கண்ணருகே பிடித்துப் புள்ளி புள்ளியாகப் பார்த்தாள். ஒரு கார்டில் நூற்று நாற்பது புள்ளிகள். "ஒண்ணுகூட கோணலா இல்லியேப்பா" என்றாள் என்னிடம். "வூட்டு வாடகை, ரெண்டு பொண்ணுங்க ஸ்கூலு, எல்லாம் இந்தக் கைலதான் ஓடுது. கை சரியில்லன்னா நான் இன்னாத்த செய்யறது?"

அந்தச் சமயத்தில்தான் சார், தானறியாமல், எனக்கு ஒரு கத்தியைக் கொடுத்தார். இருநூறு கார்டுக்கு ஆர்டர் வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நின்று பொத்தான் அமுக்கிப் படம் எடுக்க அவருக்கு முதுகு வலி. "ஸ்கோப்புக்குப் பின்னாடி ஒரு சீரியல் போர்ட் இருக்கு. கம்ப்யூட்டரோட கனெக்ட் பண்ணி, தானா படம் எடுக்கற மாதிரி ஏதாவது பண்ணேன்" என்றார்.

கேபிளை ரிச்சி தெருவில் உதிரி வாங்கி நானே செய்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் லினக்ஸ் இருந்தது, அதற்குள் பைத்தான் என்று ஒரு மொழி இருந்தது. யாரும் சொல்லித்தரவில்லை, அதனுடன் வந்த பாடத்தை அச்செடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். "பைத்தானா? ஸ்கோப்பைப் பிடிக்க மலைப்பாம்பா?" என்றார் சார். நாலாவது நாள், 'நீ யார்' என்று ஸ்கோப்பைக் கேட்கும் ஒரு வரியை அனுப்பினேன். கம்ப்யூட்டர் திரையில் ஸ்கோப் தன் மாடல் எண்ணைச் சொல்லிற்று. அமுதா அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, பேசுதா?" என்றாள். பேசியது. கேட்டதற்கு மட்டும், கேட்டபடி. அந்த மாடியில் அப்படிப் பேசிய முதல் ஜீவன் அதுதான்.

ஒருநாள் நான் சாப்பிட்டு வருவதற்குள் சார் என் கம்ப்யூட்டர் நிரலைத் திறந்து பார்த்திருக்கிறார். சில வரிகள் உள்தள்ளி நிற்பது அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. எல்லா வரிகளையும் இடது ஓரத்துக்கு இழுத்து, சுவரோடு சுவராக அடுக்கிவைத்துவிட்டார். பைத்தானுக்கு அந்த இடைவெளிதான் இலக்கணம். எந்த வேலை எதற்குள் அடக்கம் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். ஓட்டினால் ஒரு அடி நகரவில்லை. "நீட்டா வெச்சிருக்கேன், ஓடலையா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் அதனதன் இடத்துக்குத் தள்ளினேன்.

நிரலில் நான் சராசரியைக் கேட்கவில்லை. கார்டில் ரிலே என்று ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. நாற்காலியின் மோட்டாரை ஓட விடுவது அதுதான். ஒவ்வொரு முறையும் அது டக்கென்று ஒட்டும்போது, அந்த ஒரு நொடியை மட்டும் தனியாகப் பிடிக்கச் சொன்னேன். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் எவ்வளவு தாழ்ந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளச் சொன்னேன். இப்படி ஒரு கார்டுக்கு ஆயிரம் முறை.

"ஆயிரமும் ஒண்ணொண்ணா பாத்துக்கினே இருக்குமா?" என்றாள் அக்கா. "அதுக்கு சலிக்காதா?"

"சலிக்காது."

"குடுத்து வெச்சது."

திரும்பி வந்த கார்டு ஒன்றை மாட்டினேன். ஆயிரத்தில் ஒன்பது முறை ஐந்து வோல்ட் மூன்றுக்கும் கீழே விழுந்திருந்தது. அப்படி விழுந்தால் கார்டின் மூளையான ஐசி அணைந்து, முதலிலிருந்து தொடங்கும். தொடங்கும்போது நாற்காலியை நிமிர்த்தும். டாக்டரம்மா சொன்னது அதுதான். புதுக் கார்டு ஒன்றை மாட்டினேன். ஏழு முறை. கடைசியாக அலமாரியிலிருந்து சாரின் சொந்தக் கார்டை எடுத்தேன். கார்டு எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, அவர் கையாலேயே சால்டர் வைத்து, ஒரு மிட்டாய்க் கடை அட்டைப் பெட்டியில் பஞ்சு பரப்பி வைத்திருந்த கார்டு. பதினொரு முறை.

"இத்துல என் கை படவே இல்லியே" என்றாள் அமுதா அக்கா. பிறகு, ரொம்ப சாதாரணமாக, "எல்லா கம்பெனி கார்டுலயும் ஐசி பக்கத்துல சின்னதா ஒரு கண்டென்சர் கீது. நம்மளுதுல மட்டும் கெடையாது. ரெண்டு வருஷமா சாரைக் கேட்டுக்கினு கீறேன். டிராயிங்ல இருக்கறத மட்டும் வைய்யின்றாரு" என்றாள்.

சாரிடம் அந்தப் பதினொரு எண்களை நீட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "இதுல எந்த வரில மோடு போட்டிருக்கே?" என்று கேட்டார். காட்டினேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, தனித்தனியாகப் பிடி என்ற சொல்லை அழித்து, சராசரி எடு என்று மாற்றினார். "இப்ப ஓட்டு." அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றார். ஆயிரத்தில் பூஜ்யம். என் தோளைத் தட்டினார். "நல்லா எழுதியிருக்கேப்பா. சின்ன தப்புதான் இருந்துது."

அவர் பொய் சொன்னார் என்றால்கூட நான் பொறுத்திருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எங்கே இருக்கிறது என்று தெரியும். இவர் நம்பினார். இருநூறு கார்டுக்கும் அந்த நிரலே இருநூறு அழகான படங்களை எடுத்தது. நான் எழுதிய நிரல்.

மயிலாப்பூரிலிருந்து இன்னொரு கார்டு திரும்பி வந்தது. அமுதா அக்காவின் கெடு அது. சனிக்கிழமை முதலாளி வந்தபோது, என் நிரலில் அந்த வரியைப் பழையபடி மாற்றி, சாரின் சொந்தக் கார்டை மாட்டிக் காட்டினேன். இந்த முறையும் பதினொன்று. முதலாளிக்கு அலை புரியாது, எண் புரியும். "இவர் வெச்ச கார்டுலயே இப்படின்னா அந்தம்மா மேல என்ன தப்பு?" என்றார்.

சார் வாயைத் திறப்பதற்குள், அக்கா அந்தக் கண்டென்சரை, மின்சாரம் தாழும்போது கைகொடுக்கும் கெப்பாசிட்டரை, எடுத்து, அந்தக் கார்டில் ஐசியின் காலோடு சேர்த்து இரண்டு புள்ளி சால்டர் வைத்து நீட்டினாள். "இப்ப ஓட்டு நைனா." ஓட்டினேன். அரை மணி நேரம் ரிலே டக் டக்கென்று ஒட்டிப் பிரிந்துகொண்டிருந்தது. ஆயிரத்தில் பூஜ்யம், தனித்தனியாகப் பிடித்தே.

சார் முதலாளியைப் பார்த்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்: "பார்த்தீங்களா சார்? நான் சொன்னதுதான். கைதான் காரணம். இதை அவ முன்னாடியே வெச்சிருக்கணும்."

"டிராயிங்ல இல்லியே சார்" என்றாள் அக்கா.

"இதெல்லாம் டிராயிங்ல போடுவாங்களாம்மா? சால்டரிங் தெரிஞ்சவங்களுக்குத் தானா தெரியணும்."

முதலாளிக்கு வீட்டில் மதியச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எங்களிடம் கார்டு வாங்கும் நாற்காலி கம்பெனிக்குக் காரணம் காட்ட ஒரு கடிதம் வேண்டும், அவ்வளவுதான். அக்கா தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலையில் இருக்கலாம், இல்லையென்றால் கணக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். அக்காவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எழுத என்னை உட்கார வைத்தார்கள். சார் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் அவர் சொல்லாத ஒன்றையும் எழுதினேன்: 'இந்தக் கெப்பாசிட்டர் வரைபடத்தில் இல்லை. வைக்கலாமா என்று நான் கேட்டபோது வேண்டாம் என்றார்கள்.'

சார் படித்துப் பார்த்தார். பேனாவை வாங்கி, அந்த வரியை மட்டும் ஸ்கேல் வைத்து நேராக அடித்தார்.

முதலாளி தாளைப் பார்த்துவிட்டு, "அடிச்சா பக்கத்துல கையெழுத்து வேணும்ல? அங்க ஒண்ணு, கீழ ஒண்ணு வாங்குப்பா" என்றார்.

அக்கா பேனாவைப் பிடித்தபடி என்னைக் கேட்டாள். "இங்க இன்னா எழுதி அடிச்சுக்கீறாங்க?"

சார் என்னைப் பார்த்தார். நான் படித்தேன். அடித்த வரியை, முதலிலிருந்து கடைசி வரை, முதலாளி காதில் விழும்படி படித்தேன்.

அக்கா அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து எழுத்தாக, நிதானமாக. பிறகு பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "கீழ எழுதியிருக்கறதுக்கு நான் போட மாட்டேன் சார். வேலை போனா போவட்டும்."

முதலாளி தாளை வாங்கி, அந்த ஒற்றைக் கையெழுத்தைப் பார்த்தார். "கேட்டியா நீ, வைக்கலாமான்னு?"

"ரெண்டு வருஷமா சார்."

அவர் சார் பக்கம் திரும்பினார். சார் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு, "ஒரு தடவை கேட்டிருக்கலாம்" என்றார்.

முதலாளி தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "திங்கக்கிழமைலேர்ந்து எல்லா கார்டுலயும் அதை வெச்சுடும்மா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினார். யாருக்கும் வேலை போகவில்லை, சாருக்கும்தான்.

மாலையில் விளக்கை அணைத்துவிட்டு இறங்கும்போது மாடிப்படியில் சார் என்னை நிறுத்தினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை.

"லெட்டர் மொத்தத்துல நல்லாத்தான்ப்பா வந்திருந்துது" என்றார். "அந்த ஒரு வரிதான்."